பூச்சு காய்கிற வரைக்கும்

கிட்ட வந்து உட்காருங்கள், இன்னும் கொஞ்சம் கிட்ட, இந்தக் கதையில் முக்கால்வாசி நேரம் நம்ம தங்கபுஷ்பம் வாயே திறக்கமாட்டாள், அவள் மனசுக்குள் ஓடுகிறதைத்தான் காதைத் தீட்டிக் கேட்கவேண்டும். பூச்சு போட்டு இருபது நிமிஷம் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, மீறினால் சதை இழுபட்டுச் சுருக்கம் விழுந்துவிடும் என்று போனில் அழகுக்குறிப்பு சொல்கிற பெண் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். அதனால் கோவில்பட்டியில், ரயில் தண்டவாளத்துக்கு மேற்கே ஒரு சந்தில், இரண்டே அறை உள்ள வீட்டின் அடுப்படியில், சாயங்காலம் நாலேகால் மணிக்கு, நாற்பத்தொன்பது வயசுக்காரி ஒருத்தி முக்காலி போட்டு, கழுத்தை நிமிர்த்தி, உதட்டைக் கூட்டி, முகம் முழுக்க மஞ்சள் பூச்சோடு உட்கார்ந்திருக்கிறாள். அடுப்பில் குக்கர் இருக்கிறது, உள்ளே உளுந்தஞ்சோறு. தோலுளுந்தும் அரிசியும் முழுப்பூண்டும் வெந்தயமும் தேங்காய்த்துருவலும் ஒன்றாய்ப் போட்டு மூடியாயிற்று, தானாக வேகும், பக்கத்தில் நின்று கிண்ட வேண்டியதில்லை. தொட்டுக்கொள்ள எள்ளுத்துவையல் அரைத்து மூடி வைத்தாயிற்று. புருஷன் வீரபுத்திரன் ஐந்தரை மணி பஸ்ஸுக்குத் திருநெல்வேலியில் இருந்து வந்துவிடுவார். நேற்றுக் கண் ஆபரேஷன், இன்றைக்குக் காலையில் கட்டு அவிழ்ப்பு. கட்டு அவிழ்த்த கண்ணோடு வருகிறார். ஐந்து வருஷமாகப் புகை மாதிரி தெரிந்த பெண்டாட்டியை இன்றைக்கு முகமாகப் பார்க்கப் போகிறார். அந்த முகத்தில் மங்கு விழுந்திருக்கிறது, கறுப்புத் திட்டுகள். அது அவருக்குத் தெரியாது.

எண்ணிப் பார்த்தால் நாற்பது நாள். ஆஸ்பத்திரியில் தேதி குறித்துக்கொடுத்த அன்றைக்கு ஆரம்பித்தது இந்த முக வைத்தியம். முதலில் உருளைக்கிழங்கு. துருவிப் பிழிந்து சாற்றை முகத்தில் தடவினாள், சக்கையை என்ன செய்ய, கீழே கொட்ட மனசு வருமா, அரிசியும் பருப்பும் அரைத்த மாவில் போட்டு அடை சுட்டாள். அது மொறுமொறுவென்று வந்ததைப் பார்த்து அவளே மலைத்துப்போனாள், இத்தனை வருஷம் சமைத்தும் இது தெரியவில்லையே, சாற்றைப் பிழிந்துவிட்டுப் போட்டால்தான் மொறுமொறுப்பு என்று. அப்புறம் தக்காளி, ஒரு பாதியைச் சீனியில் தொட்டுக் கன்னத்தில் தேய்ப்பாள், மறுபாதி ரசத்துக்குள் போகும். அரிசி களைந்த தண்ணீரில் முகம் கழுவியது போக மிச்சத்தில் புளி கரைத்துக் குழம்பு. பப்பாளியில் தோல் இவளுக்கு, காய் கூட்டுக்கு. முகத்துக்கு ஒன்று செய்யப் போய் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒன்று கிடைத்துக்கொண்டே இருந்தது, அரைமணி நேரத்தில் ஆகிற சமையலாக, லேசாக, வாய்க்கு ருசியாக. கண் தெரியாத மனுஷர் கையால் தடவித் தடவிச் சாப்பிட்டுவிட்டு, "ஏட்டி, கொல்லையில உருளைக்கிழங்கு மரம் எதுவும் வச்சிருக்கியா?" என்று கேட்டார். இவள் சிரிக்காமல், "வெல கொறஞ்சிருக்குங்க" என்றாள். பொய்தான். உண்மையைச் சொல்ல எங்கே வாய் வருகிறது. ஆனால் நாற்பது நாளில் சமையல் தேறிய அளவுக்கு முகம் தேறவில்லை. கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கன்னத்திலும் அது திட்டுத் திட்டாக அப்படியே உட்கார்ந்திருக்கிறது, மூக்குத் தண்டு மேல் ஏறி இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் பாலம் போட்டுக்கொண்டு. கடைசியாக இன்றைக்குப் பாசிப்பயறு, தயிர், கஸ்தூரி மஞ்சள், பால் விட்டு உரசின ஜாதிக்காய். இதுதான் பெரிய மருந்தாம். ஒரே தடவையில் தெரியுமாம். ஒரே தடவைக்குத்தான் இனி நேரமும் இருக்கிறது.

எங்கிருந்து வந்தது அது? யாரும் கொண்டுவந்து வைக்கவில்லையே. ஒருநாள் காலையில் மூக்கோரத்தில் ஓர் உளுந்து அளவுக்குக் கறுப்பு, துடைத்தால் போகிற மாதிரி. துடைத்தாள், போகவில்லை. உடம்புக்குள்ளே ஒரு கை இருந்து, ராத்திரி ராத்திரி இவள் தூங்குகிற நேரம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பூசிக்கொண்டே போயிருக்கிறது. இரண்டு கன்னத்திலும் ஒரே அளவு, ஒரே வளைவு, கோலம் போடுகிறவளுக்குக்கூட இடது பக்கமும் வலது பக்கமும் இப்படி ஒத்துவராது. பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கையை நினைத்தால் இவளுக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. அதே நாளில்தான் அவர் கண்ணிலும் இன்னொரு கை வெள்ளை பூச ஆரம்பித்தது. அவர் கடலைமிட்டாய்க் கடையில் பாகு காய்ச்சுகிறவர். முப்பது வருஷம் கொப்பரைக்குள் எட்டிப்பார்த்து, அனலில் வெந்த கண். பார்வை மங்கினதும் மனுஷர் வேலையை விடவில்லை, காதைச் சாய்த்துப் பாகு கொதிக்கிற சத்தத்தைக் கேட்பார், துளி எடுத்துத் தண்ணீரில் போட்டு உருட்டித் தட்டில் அடிப்பார், டங்கென்று விழுந்தால் பதம். ஒரு நாளும் பதம் தப்பினதில்லை. ஆபரேஷனுக்கு மட்டும் பயம். கண்ணில் கத்தியா என்று ஐந்து வருஷம் ஓடி ஒளிந்தார், மகள் கனகாதான் அழுது அடம்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே வைக்கிற லென்ஸு இத்தனூண்டுதானம்மா, ஒரு பயறு அளவு என்று கனகா போனில் சொன்னாள். மாவு அரைக்கிறதற்கு முந்தி இவள் ஒரு பாசிப்பயறை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இதற்குள்ளேயா? கழுகுமலையும் வானமும், போகிற ரயிலும் வருகிற ரயிலும், சந்தில் காய்கிற அத்தனை துணியும், இதற்குள்ளேயா அடங்கும்? அடங்கும்தானே, இன்றைக்கு அடங்கப்போகிறதே. எல்லாவற்றோடும் சேர்த்து இவள் கன்னமும் போய் அடங்கும். பயறு உருண்டு கீழே விழுந்தது, தேடி எடுத்து, கழுவி, மற்ற பயறோடு போட்டாள்.

அவர் ஒன்று சொல்வார், அதுதான் இவளை அறுக்கிறது. படுத்துக்கொண்டு மேலே பார்த்தபடி சொல்வார், "எல்லாம் பொகையா இருக்குட்டி, உன் மூஞ்சி மட்டும் எனக்குத் தெளிவாத் தெரியுது." எந்த மூஞ்சி? ஐந்து வருஷத்துக்கு முந்தின மூஞ்சி. அவர் கண்ணுக்குள்ளே குடியிருக்கிறவள் வேறொருத்தி. அவளுக்கு மங்கு கிடையாது, தாடைக்குக் கீழே தொங்கல் கிடையாது, அவள் அங்கே தண்ணீரில் நனையாமல், வெயிலில் வாடாமல், அப்படியே இருக்கிறாள். இவள்தான் அவளுக்குச் சோறுபோட்டு வளர்த்ததும். அதே பவுடர், அதே மல்லிகை, அதே கனகாம்பரச் சேலையின் மொடமொடப்பு, அவர் தொட்டுப் பார்த்தால் அவளாகவே இருக்கவேண்டும் என்று. கனகாவிடமும் சத்தியம் வாங்கியாயிற்று, அப்பாகிட்ட சொல்லிறாத என்று. இன்றைக்கு ஐந்தரை மணிக்கு அவளும் இவளும் வாசலில் நேருக்கு நேர் நிற்கப்போகிறார்கள். அவர் யார் பக்கம் போவார்? கோபப்படமாட்டார், அவர் கோபக்காரர் இல்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, கண் வேறு பக்கம் திரும்பும். அப்புறம் சமாளித்துக்கொண்டு, நல்லாத்தான் இருக்க என்பார். அந்த ஒரு நொடிதான். அதைத் தாங்கமுடியுமா என்று இவளுக்குத் தெரியவில்லை. பூச்சு காய்ந்து தோலை இழுக்க ஆரம்பித்தது. எட்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

"ஏ தங்கம், அண்ணாச்சி வந்துட்டாகளா?" ஜன்னலில் பக்கத்து வீட்டுச் சொர்ணம். இவளுக்கு மதினி முறை ஆகவேண்டும், ஊர்ச் செய்தி முழுக்க அவள் வாயில்.

"ம்ஹூம்."

"ம்ஹூம்னா? இன்னும் வரலையா, வந்துட்டுத் திரும்ப ஓடிட்டாகளா?" உள்ளே எட்டிப்பார்த்தாள். "ஆத்தாடி! என்னளா இது, மூஞ்சில இட்லிமாவை அப்பிட்டு உக்காந்திருக்க? கண்ணு தெரிஞ்சு வர்ற மனுசன் மொத மொதல்ல பாக்குறது இதையா? மறுபடியும் கட்டுப்போடச் சொல்லிருவாக."

சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. தங்கபுஷ்பம் பல்லைக் கடித்து அடக்கி, கையால் போ போ என்றாள். சொர்ணம் போகிற ஆளா, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் குரல் கீழே இறங்கியது. "ஏதோ மூணு வருசம், அஞ்சு வருசம் தெரியலைன்னு இப்படிப் பதறுத. எங்க வீட்டுல உள்ளவுகளுக்கு ரெண்டு கண்ணும் பளிச்சுன்னு தெரியும். முப்பது வருசமா என்னை ஒரு தடவை பாத்ததில்ல. நான் மூக்குத்தியை மாத்தி ஆறு மாசம் கழிச்சு, புதுசாளான்னு கேட்டாக." சொல்லிவிட்டு உடனே பழைய குரலுக்கு ஏறிக்கொண்டாள். "ஆனா ஒண்ணு தங்கம், வாயைத் தெறக்காம இருக்கயில நீ அழகாத்தான் இருக்க. அப்படியே இரு." போய்விட்டாள்.

சொர்ணத்துக்கு முகத்தில் ஒரு புள்ளி கிடையாது. தங்கபுஷ்பம் அதைப் பார்த்து எத்தனை நாள் பொறாமைப்பட்டிருக்கிறாள், அந்தத் தோலையே உரித்து வாங்கிக்கொள்ளலாமா என்று. யாரும் பார்க்காத தோல். அதை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் எரிய ஆரம்பித்தது. முதலில் எறும்பு ஊருகிற மாதிரி, பிறகு எறும்பு கடிக்கிற மாதிரி. லேசா எரியும் சகோதரிகளே, அது மருந்து வேலை செய்யுறதுன்னு அர்த்தம், என்று போன் பெண் சொல்லியிருந்தாள். வேலை செய்கிறது! அந்த ராத்திரிக் கையும் இந்தப் பகல் மருந்தும் உள்ளே கட்டிப்பிடித்துச் சண்டைபோடுகின்றன. எரியட்டும், நன்றாக எரியட்டும், வேரோடு போகட்டும். கண்ணில் தண்ணீர் முட்டியது, துடைக்கக்கூடாது. கன்னம் காந்தியது, மூக்கு காந்தியது, காதோரம் வரைக்கும் அடுப்புப் பக்கம் நிற்கிற மாதிரி. கூடவே ஒரு வாசனை. பூண்டு வாசனை. குக்கரில் இருந்தா? இல்லை, வறுத்த எள்ளு வாசனையும் சேர்ந்து வருகிறது, ரொம்பக் கிட்டத்தில் இருந்து, மூக்குக்கு நேர் கீழே இருந்து. நாக்கு நுனியை மெல்ல வெளியே நீட்டி மேல் உதட்டோரம் ஒரு துளி தொட்டாள். காரம். மிளகாய் வத்தல் காரம். துவையல் அரைத்த அதே சின்ன ஜார்! அவசரத்தில் ஒரு தடவை தண்ணீர் விட்டுக் அலசிவிட்டு அதிலேயே பயறைப் போட்டு ஓடவிட்டிருக்கிறாள், கத்திக்கு அடியில் ஒட்டிக்கிடந்தது முழுக்க முகத்துக்கு வந்துவிட்டது. நாற்பது நாள் முகத்துக்குப் போனதில் மிச்சம் சாப்பாட்டுக்குப் போனது, இன்றைக்குச் சாப்பாட்டில் மிச்சம் முகத்துக்கு வந்திருக்கிறது. சமைக்கிறவள் புத்தி எங்கே போகும், அந்த எரிச்சலிலும் இன்னொரு தடவை நாக்கை நீட்டிப் பார்த்தாள். உப்பு ஒரு கல் கம்மி. எழுந்து கழுவவேண்டும் என்று கையை ஊன்றினாள். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம்.

"அம்மா, முந்தின பஸ் கெடச்சிருச்சு. அப்பாவைப் பாத்துக்கோ, பிள்ளை அங்க அழுதுட்டு இருப்பான், நான் போயிட்டு ராத்திரி மருந்து ஊத்த வாரேன்." கனகா வாசலோடு போய்விட்டாள், அவள் வீடு அடுத்த தெரு. தங்கபுஷ்பம் அப்படியே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள், ஒளிந்து விளையாடுகிற பிள்ளை மாதிரி. முன்னறையில் காலடி நாலு வைத்து நின்றுவிட்டது. கறுப்புக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைக்கிற சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. என்ன செய்கிறார்? ஒரு மனுஷர் தன் வீட்டுக்குள் வந்து நின்று இவ்வளவு நேரம் என்னதான் பார்ப்பார்?

"சொவரு பச்சையா?" என்றார். குரல் சாமி சந்நிதியில் பேசுகிற குரலாக இருந்தது. "ஏட்டி, நம்ம சொவரு பச்சையா?"

மூன்று வருஷத்துக்கு முந்தி அடித்தது. இவள் "ம்" என்றாள்.

"கொடில என்னோட சட்டையா அது? அதுல கோடு போட்டிருக்கே. கோடு போட்ட சட்டையா போட்டுக்கிட்டிருந்தேன்?" காலடி இவள் முதுகுப் பக்கம் வந்தது. இப்போது, இதோ, இப்போது தோளைத் தொட்டுத் திருப்புவார். இவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தொடவில்லை. இவளைத் தாண்டிப் போய் நின்றுவிட்டார். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். அவர் இவளைப் பார்க்கவேயில்லை. குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் எட்ட நின்று, குக்கருக்கு அடியில் எரிகிற நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை இரண்டும் தானாகக் கூடியிருந்தது. "நீலம்," என்றார். "எப்பேர்ப்பட்ட நீலம்டி இது. முப்பது வருசம் அடுப்படியில நின்னேனே, இந்த நீலத்தை நான் பாக்கலையே. யாரும் சொல்லலையே." இவளும் பார்த்தாள். தினம் மூன்று வேளை பற்றவைக்கிற நெருப்பு. மயில் கழுத்து மாதிரி, ஒவ்வொரு நாக்கும் தனித்தனியாக, அடியில் கருநீலமும் நுனியில் ஒன்றுமே இல்லாத நீலமுமாக வட்டம் கட்டி நின்றது. எரிச்சலும் மறந்துபோயிற்று, பயமும் மறந்துபோயிற்று. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல்.

பிறகு இவளுக்குச் சுதாரிப்பு வந்தது, அனல் படக்கூடாதே, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியபடியே கையை ஆட்டி அவரை முன்னறைக்கு விரட்டினாள். அவர் பிள்ளை மாதிரி சொன்னபடி போனார். அங்கே கைகழுவுகிற தொட்டிக்கு மேல் கண்ணாடி இருக்கிறது. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அது சட்டென்று நின்றது. நின்றது நின்றதுதான்.

"யாருட்டி இது?" என்றார்.

இவள் வாசல் பக்கம் காதைக் கொடுத்தாள். யார் வந்திருக்கிறார்கள்?

"எங்க அப்பா நிக்காருட்டி இங்க."

எட்டிப்பார்த்தாள். அவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், வெள்ளைப் புருவம், கன்னத்தில் குழி, கழுத்தில் சேவல் தாடிபோல் தொங்குகிற சதை. பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையோடு முகத்தை மூடிக்கொண்டு, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இந்தக் கெழட்டு மூஞ்சியையா அஞ்சு வருசமாப் பாத்துட்டு இருந்த? ஒரு வார்த்தை சொன்னியா? நான் பாட்டுக்கு மாப்பிள்ளை கணக்கா பேசிட்டுத் திரிஞ்சிருக்கேன்." துண்டுக்குள்ளிருந்து வந்தது குரல். "இந்தப் பக்கம் வராத. பாக்காத."

கிழடா? இவள் தினமும் சவரம் செய்துவிட்ட கன்னம் அது, எண்ணெய் தேய்த்துவிட்ட தலை. வெள்ளை எப்போது வந்தது? வந்திருக்கத்தான் வேண்டும், கண் முன்னால்தான் வந்திருக்கும், ஒரு நாளாவது இவள் அதைப் பார்த்ததாக ஞாபகமே இல்லை. ஐந்து வருஷம் கண் தெரிந்தவள் இவள்தானே, இவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்? அந்த மனுஷர் துண்டைப் போர்த்திக்கொண்டு, பெண்பார்க்க வந்த இடத்தில் வெட்கப்படுகிற பெண் மாதிரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது, சொர்ணத்துக்குக் கொடுக்காத சிரிப்பு முழுக்கச் சேர்ந்து வந்துவிட்டது. பூச்சு பாளம் பாளமாக வெடித்து மடியில் உதிர்ந்தது. போய் நாலு கை தண்ணீர் அடித்துக் கழுவினாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை. நேராக வந்து, அவருக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"துண்டை எடுங்க."

"மாட்டேன்."

"சோறு திங்கணும்லா?"

"தட்டை வச்சுட்டு அங்கிட்டுப் போ. உள்ள விட்டுத் தின்னுக்கிறேன்."

தங்கபுஷ்பம் முக்காலியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டாள். பிறகு சாதாரணமாக, அரிசியில் கல் இருக்கிறது என்கிற மாதிரி சொன்னாள். "எனக்கு மூஞ்சில மங்கு விழுந்திருக்கு. அஞ்சு வருசமாச்சு. உங்ககிட்டச் சொல்லல. நாப்பது நாளாத் தேச்சுப் பாத்துட்டேன், கூடுதா கொறையுதான்னு எனக்குப் பிடிபடல. உங்களுக்குப் புதுக்கண்ணுதானே, எத்தனை திட்டுன்னு எண்ணிச் சொல்லுங்க."

"மங்கா?" துண்டு அசைந்தது. "எங்க?"

"வெளிய வந்து பாருங்க. துண்டுக்குள்ள இருந்துட்டு எண்ணமுடியுமா?"

துண்டு நெற்றிக்கு இறங்கியது, மூக்குக்கு இறங்கியது, தோளில் விழுந்தது. ஆபரேஷன் செய்த கண் லேசாகச் சிவந்து, கழுவிவைத்த பொருள் மாதிரி பளபளத்தது. ஒரு நொடி வேறு பக்கம் திரும்பும் என்று பயந்தாளே, அது திரும்பவில்லை. கிட்ட வந்தது, இன்னும் கிட்ட வந்தது. "என்னட்டி எள்ளு வாசம் அடிக்கி," என்றார், பதிலுக்குக் காத்திருக்கவில்லை, சுண்டுவிரலைக் கன்னத்துக்கு மேல் தொடாமல் பிடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார், பாகுப் பதம் பார்க்கிற அதே கவனத்தோடு. ஒண்ணு. ரெண்டு. இது ரெண்டும் ஒட்டியிருக்கு, ஒண்ணாச் சேத்துக்கவா, தனித்தனியாவா? தனித்தனியா, என்றாள். மூணு. நாலு. அவர் மூச்சு இவள் கன்னத்தில் பட்டது, காந்தல் அடங்கிக்கொண்டே வந்தது. இப்படி ஓர் உசுருள்ள கண் தன் மேல் ஒவ்வொரு அங்குலமாக நடந்துபோவதை இவள் ஆயுசில் அறிந்ததில்லை, கல்யாணத்தன்றைக்கும் இல்லை. ஏழு. எட்டு. இவளும் அவர் வெள்ளைப் புருவத்தை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாள், ஒவ்வொரு முடியாக. பதினொண்ணு என்கிறபோது அவர் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது, பஞ்சு எடுத்து ஒற்றினார், எண்ணிக்கை தப்பிவிட்டது. "சே, விட்டுட்டேனே," என்று முதலில் இருந்து ஆரம்பித்தார். இரண்டாம் தடவை துண்டைப் பற்றியும் தன் முகத்தைப் பற்றியும் அவருக்கு ஞாபகமே இல்லை. ஒரு கன்னம் முடித்து, மூக்கைத் தாண்டி, அடுத்த கன்னத்துக்கு வந்து, பதினாறு, பதினேழு என்று காதோரம் வந்துவிட்டார், இன்னும் ஒன்றோ இரண்டோதான் பாக்கி, எண்ணி முடித்துவிடப்போகிறார், அந்தச் சமயம் பார்த்து அந்தக் கெட்டிக்காரி, ஒன்றும் அறியாதவள் மாதிரி, முகத்தை ஒரு நூல் அளவுக்குத் திருப்பினாள்.